இலுப்பைப் பூக்காலத்தில் மூடிய பள்ளி

2011ஆம் ஆண்டு மார்ச் 28, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு, தும்கா மாவட்டத்துச் சந்தால் பழங்குடிச் சிற்றூர் ஒன்றில், பூல்மணி ஹெம்ப்ரம் ஒழித்துக் கொடுத்த மாட்டுக்கொட்டிலில் நடந்துவந்த இலவசப் பள்ளியில் ஒரு குழந்தைகூட இல்லை. பள்ளியை நடத்திய அறக்கட்டளையிலிருந்து வந்த பார்வையாளர் வெறும் பாய்களைப் பார்த்தபடி நின்றார்.

இலுப்பைப் பூ உதிரும் மூன்று வாரமும், அதை விற்கவும் சாராயம் காய்ச்சவும் சேர்க்க, ஊரே விடியலில் காட்டில் இருக்கும். குழந்தைகளும் பொறுக்கப் போவார்கள். அதனால் பிற்பகலில் பாடம் நடத்தலாம் என்று சொன்னவரே ஆசிரியர் பினோத்தான். பூக்கூடையோடு திரும்பிய பூல்மணி வாசலில் அவர் குரலைக் கேட்டாள்.

"நான் என்ன சார் பண்றது? வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன். இவங்களுக்குப் பூவும் சாராயமும் போதும்."

"மத்தியானம் வரச்சொன்னதே நீங்கதானே மாஸ்டர்? போன வாரம் பூரா அப்படித்தானே நடத்துனீங்க?" என்று பூல்மணி கேட்டாள்.

பினோத் சிரித்தார். "பாத்தீங்களா சார், எம்மேலயே திருப்புது."

நேரத்தை மாற்ற அவர் அறக்கட்டளையிடம் அனுமதி பெறவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"எம்மவ தெனம் உங்களுக்குச் சோறு கொண்டாந்தாளே! அவளுக்குப் படிப்பு வேண்டாம்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு?"

பார்வையாளர் நிமிராமல் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி அறக்கட்டளையின் முடிவு வந்தது. பெற்றோருக்கு அக்கறை இல்லாததால் பள்ளி மூடப்படும். பினோத் போய்வர வசதியான நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளிக்கு மாற்றப்படுவார். பாய்களும் கரும்பலகையும் வண்டியேறின. பூல்மணி கொட்டிலில் மறுபடியும் மாடுகளைக் கட்டினாள்.