சேவலுக்குக் கப்பம்

நான்கு கோழிகளுக்குப் பேரம் பேசி, கொசுறாக ஒரு சேவலையும் வாங்கி வந்தார் அத்தான். துணிக்கடைக்காரர். கொசுறாக வந்ததைக் கழிப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

அவர்கள் வீட்டின் முன்னறையில் அக்கா குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். ஒன்பது வாண்டுகள். காலை எட்டு மணிக்கு அவர்கள் முற்றத்தைத் தாண்டும்போதுதான் சேவல் பின்னாலிருந்து பாயும். வெள்ளிக்கிழமை ஒரு பையனின் கெண்டைக்காலைக் கீறிவிட்டது. அவன் அம்மா நர்ஸ். மற்ற எட்டுப் பேரும் அவள் சொல்லி வந்தவர்கள்.

"அடுத்த வெள்ளி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இது இப்படியே பாஞ்சா, ஒன்பது பேரையும் வேற இடத்துல சேத்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா அத்தானிடம் திரும்பினாள். "கூண்டுல போட்டு அடைங்க."

"அடைக்கிறதுக்கு நான் என்ன ஜெயிலரா? பேசி முடிப்போம். யாருக்கும் ஒரு விலை உண்டு."

திங்களன்று சட்டைப்பையில் கம்புத் தானியத்தோடு நின்றார். சேவல் பாய்ந்தது, ஒரு பிடி வீசினார். பாய்ச்சல் நின்றது.

"பாத்தியா, படிஞ்சிருச்சு!"

படிந்தது யார் என்பது புதனன்று தெரிந்தது. அதுவரை குழந்தைகள் வரும்போது மட்டும் பாய்ந்த சேவல், அன்று அத்தானின் செருப்புச் சத்தத்துக்கே பாய்ந்தது. வியாழனன்று கம்பு தீர்ந்து நொய்யை வீசினார். சேவல் அதைக் காலால் கிளறித் தள்ளிவிட்டு மறுபடி பாய்ந்தது.

"தரம் பாக்குது! பொழச்சுக்கும்" என்று பெருமைப்பட்டார். அக்கா துடைப்பத்தோடு குழந்தைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தாள். அத்தான் முன்கூட்டியே இரண்டு பிடி கம்பைக் கப்பமாகக் கட்டியிருந்தார். சேவல் சாதுவாக நின்றது.

"அப்படியே மாறிடுச்சே!" என்றாள் நர்ஸ். அக்காவுக்கு மூச்சு வந்தது.

அப்போது காப்பகத்திலேயே சிறிய உருப்படி, 'கடுகு' என்று கூப்பிடுவோமே, அவள் தத்தித் தத்தி வந்தாள். அத்தானின் முழங்காலை நிதானமாக ஒரு கடி கடித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

பழக்க தோஷம். அத்தானின் கை தானாகப் பைக்குள் போய் தனக்கென வைத்திருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டது.

மீதி எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு.

நர்ஸ் நிமிர்ந்தாள். "இங்க சேவல் எதையும் மாத்திக்கலீங்க. இவர்தான் எல்லாத்துக்கும் பாடம் நடத்தியிருக்காரு."

அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். சேவலின் இறக்கைகளை உடம்போடு சேர்த்து அமுக்கித் தூக்கி, கக்கத்தில் இடுக்கி, கூண்டில் விட்டுக் கொக்கியை மாட்டினாள். மொத்தம் ஒரு நிமிடம்.

"இனிமே பிள்ளைங்க இருக்கிற நேரத்துல இது வெளிய வராது. நீங்களும் முற்றத்துப் பக்கம் வரக்கூடாது."

"எம்பிள்ளை இங்கேயே இருக்கட்டும்" என்றாள் நர்ஸ்.

அத்தான் விடுவாரா? "சரி, எனக்கு மட்டும் சனிக்கிழமை ஒரு அரை மணி நேரம்..."

அக்கா இரண்டாவது கூண்டு எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டாள்.