குறைஞ்ச அளவு மட்டும்

எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் தொழிற்சாலையில சரக்கோட தரம் பார்த்தவர். தேறாத சரக்கைத் திரும்பத் திரும்ப அளந்து, எப்படியாவது தேத்திவிட்டே நல்ல பேர் வாங்கினார். இதயத்துல ஸ்டென்ட் வச்ச பிறகு, வீட்டுல பிரஷர் பார்க்கவும் அதே வித்தைதான். தினமும் அஞ்சு தடவை அளப்பார். குறைஞ்சதை மட்டும் நோட்டுல எழுதுவார்.

"எல்லாத்தையும் எழுதுங்க"ன்னேன்.

"உனக்கு என்னடி தெரியும்?"னார்.

நோட்டைப் பார்த்த டாக்டர் பாராட்டி, மாத்திரையைப் பாதியாக்கினார். இவருக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியலை.

பத்தாம் நாள் வாய் கோணி ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தார். நர்ஸ் பிரஷர் பார்த்தா. இருநூறு.

"இன்னொரு தடவை பாரும்மா"ன்னு குழறினார்.

அவ காதுலயே போட்டுக்காம, இருநூறுன்னு எழுதிட்டுப் போனா. இந்த மனுஷனோட பிரஷரைப் பத்தி யாரோ எழுதின முதல் உண்மை அதுதான்.