சும்மா பேசிக்கொண்டிருந்தவர்

அந்த சலூனுக்கு வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ரேடியோ கடை' என்றால்தான் தெரியும். கத்திரி கையில் ஏறியதும் கடைக்காரருக்கு வாய் திறக்கும். போர்த்திய துணியை உதறும்போதுதான் மூடும். சில நாள் அப்போதும் மூடாது. கடைக்குள் கிடக்கும் பெஞ்சில் எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் இருவர் முழு வழுக்கை. அவர்களுக்கு சலூனில் என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை.

ரேடியோவின் மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். பகல் முழுக்க 'உஷ்' என்பதைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லாத உத்தியோகம். அப்படிப்பட்டவள் வாயாடிகளில் எல்லாம் பெரிய வாயாடியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது. சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் அவர் அன்றைக்குக் கடைக்கு வந்த தலைகளை ஒவ்வொன்றாக இறக்குவார். பல்செட் கழன்றவரின் குரல், மாமியாருக்குப் பயந்தவரின் குரல், கடன் கேட்க வந்து கேட்காமலே போனவரின் குரல், எல்லாம் அவர் தொண்டைக்குள் இருந்தன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசைக்குப் போன பிறகும் அந்த வீட்டில் அந்த நேரம் மட்டும் கெடவில்லை.

பிறகு நோய் வந்தது. முதலில் கண்ணிமையில் வந்தது. மாலையானால் இடது இமை தானாக இறங்கிவிடும். சவரத்துக்குத் தலையைச் சாய்த்திருந்த தபால்காரர் ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தார். கழுத்தருகே கத்தி, அதற்கு மேலே ஒற்றைக் கண் மூடிய முகம்.

"ரேடியோ, தூங்குறியா, இல்ல எனக்குக் கண்ணடிக்கிறியா?"

கடையே சிரித்தது. ரேடியோவும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் ஒருவர் தலைக்கு மேல் தூக்கிய கை, சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கியது. மறுபடி தூக்கினார், மறுபடி இறங்கியது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். "நரம்பு சொல்றது தசைக்குச் சரியாப் போய்ச் சேரல. முதல் தடவை சொன்னா தசை கேக்கும். திரும்பத் திரும்பச் சொன்னா கேக்காது. கொஞ்சம் விட்டுப் பிடிச்சா மறுபடி கேக்கும்."

"எங்க பெரியவன் மாதிரி," என்றார் ரேடியோ.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும், "இது ஒரேயடியாப் போற வியாதி இல்ல. மாத்திரை இருக்கு. ஆனா மாத்திரை மட்டும் போதாது. களைச்சுப் போன பிறகு நிறுத்தக்கூடாது, களைக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்தணும். நல்லா ஓய்வு கொடுங்க," என்றார்.

ஓய்வு என்றால் கைக்கும் காலுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே! மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டுக் கடையில் நிறுத்தினாள். அவனும் கத்திரி பிடிக்கிறவன்தான், வாய்தான் கிடையாது. ரேடியோ அவனை ஊமைக்கோட்டான் என்பார், அவனும் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டான். இருவரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். மைத்துனன் வெட்டுவான். ரேடியோ நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுவார். தலை அவன் பொறுப்பு, காது இவர் பொறுப்பு.

முன்பெல்லாம் நுணுக்கமான இடம் வந்தால், காதோரம், பிடரி, அங்கே மட்டுமாவது பேச்சு நிற்கும். இப்போது அந்தத் தடையும் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து விட்ட இடத்தில் தொடங்கித் தொடங்கிய இடத்தில் விடாமல் பேசினார். பெஞ்சுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "சீக்கு வந்தாலும் வந்தது, ரேடியோவுக்கு சவுண்டு கூடிப்போச்சு," என்றார்கள். அவருக்கும் அதில் பெருமை. கை போனால் என்ன, கத்திரி யார் கையிலும் இருக்கும். வாய் இவருக்குத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வரும்போது அந்த வாய் இருக்காது. கொஞ்ச நேரம் மூக்கால் பேசுவது போல் ஏதோ வரும், அப்புறம் அதுவும் தேய்ந்துவிடும். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவார். மெல்லும்போது தாடை தொங்கிவிடுவதால் ஒரு கையை முட்டுக் கொடுத்துக்கொண்டு மெல்லுவார். எதிரே இருந்து பார்ப்பவருக்குத் தாடையில் கைவைத்துச் சலித்துக்கொள்பவர் மாதிரியே இருக்கும். மனைவி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நோயாளியிடம் போய்ப் பேச்சு எங்கே என்று கேட்பதா? குழைய வேகவைத்துப் போட்டாள், தட்டை எடுத்தாள், போய்ப் படுத்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. அது நின்றது ரேடியோவுக்கு நன்றாகவே தெரிந்தது. நோயின் தலையில் பழியைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் எழுந்து கடைக்குப் போனார்.

நூலகத்தில் கரையான் மருந்து அடிக்கிறார்கள் என்று ஒருநாள் மதியமே அனுப்பிவிட்டார்கள். அவள் கடைப் பக்கம் வந்தாள். அந்த நேரம் ரேடியோ, மாமியாருக்குப் பயந்தவரின் குரலில் உச்சத்தில் இருந்தார். பெஞ்சு மொத்தமும் குலுங்கியது. மைத்துனன்கூடக் கத்திரியை நிறுத்திவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பெஞ்சைப் பார்ப்பதற்காகக் கண்ணாடியில் கண்ணை ஓட்டிய ரேடியோ, அதில் வாசலைப் பார்த்தார். வாசலில் அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கண்ணாடிக்குள்ளேயே இருவர் கண்ணும் சந்தித்தன. அவர் திரும்புவதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சாப்பாடு மேஜையில் தயாராக இருந்தது. அவளும் தயாராக இருந்தாள். தம்பியும் கூடவே வந்து கைகழுவிக்கொண்டு உட்கார்ந்ததை அவள் பொருட்படுத்தவில்லை.

"ஊருக்கெல்லாம் பேச்சு, எனக்கு மட்டும் சைகையா?" என்றாள். "நான் என்னவோ, பாவம், சீக்கு வந்து குரலைத் தின்னுடுச்சுன்னு நெனச்சேன். குரல் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் இல்ல. சொல்லிட்டாவது போங்க, நான் பாட்டுக்கு ஒரு புஸ்தகத்தை வெச்சுக்கிட்டுச் சாப்பிடறேன்."

ரேடியோ அப்படியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அவள் கண்ணில் நீர் திரண்டது.

"பாத்தியாடா? ஒரு வார்த்தை... அதுக்குக்கூட நான் லாயக்கில்ல."

தொண்டையை நனைத்தாலாவது ஒரு சொல் வருமா என்று அவர் தம்ளரை எடுத்து மடக்கென்று குடித்தார். தண்ணீர் உள்ளே போகவில்லை. மூக்கு வழியாகக் கொட்டியது. மிச்சம் மூச்சுக்குழாயில் இறங்க, இரும வேண்டிய நெஞ்சு இருமாமல் விக்கித்தது. முகம் கறுத்தது. அவள் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, நாற்காலி கவிழ எழுந்து அவரை முன்னால் குனியவைத்து முதுகில் தட்டினாள். தம்பி வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினான்.

மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு அவர் படுத்திருக்க, டாக்டரம்மா விசாரித்தார்.

"இன்னிக்கு என்ன வேலை செஞ்சார்?"

"ஒரு வேலையும் செய்யல டாக்டர்," என்றான் மைத்துனன். வாழ்நாளில் அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். "நாங்க விடமாட்டோம். கத்திரியத் தொடவே இல்ல. காலைலேர்ந்து ஸ்டூல்ல உக்காந்து சும்மா பேசிக்கிட்டுத்தான் இருந்தார்."

"சும்மாவா?" டாக்டரம்மா பேனாவை மூடினார். "பேசறது, சிரிக்கறது, மெல்லறது, விழுங்கறது எல்லாம் கிட்டத்தட்ட அதே தசைங்கதான். பகல் பூரா பேசிட்டா சாப்பாட்டு நேரத்துக்கு அதுங்ககிட்ட என்ன இருக்கும்? பேச்சும் வேலைதாங்க. நானும் விவரமாச் சொல்லியிருக்கணும்."

அவ்வளவு அக்கறையோடு, மூன்று பேரும் சேர்ந்து, அந்த மனிதருக்கு இருப்பதிலேயே கடினமான வேலையைத் தேடிக் கொடுத்து அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தார்கள். மனைவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் நினைத்தது மாதிரி அவர் அவளிடம் மட்டும் குரலை மறைத்துவைக்கவில்லை. ஊருக்கெல்லாம் வாரி இறைத்துவிட்டு வெறும் தொண்டையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். அது அவளுக்கு இப்போது புரிந்தது. ஆனால் அதில் ஆறுதல் இருந்ததா என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை.

ரேடியோவுக்கும் புரிந்தது. புரிந்தால் போதுமா? வீட்டுக்கு வந்து குரல் கொஞ்சம் தேறியதும் அவர் முதலில் சொன்னது, "வாயை மூடிக்கிட்டுக் கடை திறக்கறதா? அதுக்குக் கடையையே மூடிடலாம்."

"மூடுங்க," என்றாள் அவள். "இல்ல, பேசிக்கிட்டே இருங்க. எது வேணுமோ செய்ங்க. நான் இனிமே கேக்கமாட்டேன்."

இனிமேல் கேட்கமாட்டேன் என்று அவள் சொன்ன விதம்தான் அவரைப் பயமுறுத்தியது. சண்டை போடுகிறவளாக அவளை அவருக்குத் தெரியும். எதையும் எதிர்பார்க்காதவளாக அவளைத் தெரியாது. அப்படி ஒருத்தியோடு அந்த மேஜையில் மிச்ச நாளெல்லாம் உட்கார வேண்டுமா என்று நினைத்தபோது, விழுங்க முடியாமல் மூச்சு நின்ற அந்த நேரத்தைவிட இது மோசமாக இருந்தது.

கடையில் வேலை முறை மாறியது. காலையில், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை நாற்காலி முதுகில் ஊன்றி அவரே ஒரு தலை வெட்டுவார். முடிந்ததும், இன்னும் ஒரு தலைக்குத் தெம்பு இருக்கும்போதே, கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னறையில் போய்ச் சாய்ந்துகொள்வார். அது கஷ்டமாக இல்லை. பேசாமல் இருப்பதுதான் உயிரை வாங்கியது. முதல் நாள் வந்தவர் ஒருவர் கடைக்குள் நிலவிய அமைதியைப் பார்த்து, "யாராவது தவறிட்டாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லப் போய் மதியம் வரை பேசிவிட்டார் ரேடியோ. மாலையில் குரல் இல்லை. மனைவி, சொன்னபடியே, எதுவும் கேட்கவில்லை. கையில் ஒரு புத்தகம் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகும் சில நாள் வழுக்கினார். வாடிக்கைக்காரர்களைச் சமாளிக்கும் பொறுப்பு மைத்துனன் தலையில் விழுந்தது. முடி வெட்ட வந்தவரிடம் அவன் நெடுநேரம் யோசித்து, "முடி வளர்ந்திருக்கு," என்பான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தோன்றாது. வழுக்கைக்காரர்களில் ஒருவர் பக்கத்துத் தெருக் கடைக்கு மாறிவிட்டார். போகட்டும் என்று ரேடியோ பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஒருநாள் தபால்காரர் வந்தார். கடை சோர்ந்து கிடப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை; ரேடியோ சொல்லும் கதை ஒன்றைத் தானே சொல்லத் தொடங்கினார். மாமியாருக்குப் பயந்தவர் கதை. சொன்னாரா, கொன்றாரா என்றால் கொன்றார். முடிவை முதலில் சொன்னார், மாமியாரை மாமனாராக்கினார், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் தும்மினார். ரேடியோ கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது அப்படியில்லய்யா என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் அப்புறம் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். அவர் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தபால்காரர் அதைத் தன் கதையின் வெற்றியென்று எடுத்துக்கொண்டு இன்னொன்று ஆரம்பித்தார்.

அன்று மாலை அவர் முதலில் சாப்பிட்டார். பேசாமல், தாடைக்கு முட்டுக் கொடுக்காமல், நிதானமாக மென்று விழுங்கினார். தண்ணீர் சரியான வழியில் இறங்கியது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "தபால்காரர் இன்னிக்கு ஒரு கதை சொன்னார்," என்றார்.

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். குரல் தெளிவாக இருந்தது.

அவர் சொன்னார். தபால்காரர் கதை சொன்ன விதத்தை, தும்மலோடு, தபால்காரரின் குரலிலேயே சொன்னார். அவள் புத்தகத்தை மூடினாள். உதடு துடித்தது. பாதிக் கதையில் அவருக்குத் தன் குரல் லேசாக மூக்குக்குள் நழுவுவது தெரிந்தது. பழைய ரேடியோவாக இருந்தால் உயிரே போனாலும் முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். இவர் நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றாள்.

அவர் கையை உயர்த்திக் காட்டினார். நாளைக்கு.

அவளுக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் எழுந்து போகவில்லை. மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, யாரோ அதட்டப்போகிறார்கள் என்பது போல் நூலகத்துக் குரலில், "எங்ககிட்டயும் ஒருத்தர் வர்றார்," என்று தொடங்கினாள். தினமும் வந்து தடிமனான புத்தகமாகக் கேட்பாராம், அதைத் தலைக்கு வைத்துத் தூங்குவாராம், நேற்று அதை மாற்றிக் கேட்டாராம், ஏன் என்றால் அது குத்துகிறதாம். சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. சிரிக்கவேண்டிய இடம் வருவதற்கு முன்பே தானே சிரித்துவிட்டாள். இத்தனை வருடமும் அந்த மேஜையில் அவர் ஒருவர்தான் பேசியிருக்கிறார், அவள் தன் நாளைப் பற்றிச் சொன்னதே இல்லை, அவரும் கேட்டதே இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தாலும் சிரிப்பு நிற்கவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "சிரிக்காதீங்க. சிரிச்சாலும் களைச்சுப்போகும்னு டாக்டர் சொன்னாங்கல்ல? இருக்கறதும் போயிடப்போகுது."

"போகட்டும்," என்றார் அவர், பாதி மூக்காலும் பாதி வாயாலும். "நீ சொல்லு. இதுக்குத்தானே காலைலேர்ந்து மிச்சம் பிடிச்சேன்."