உத்திரத்தில் ஒரு வரி

மாடத்து ஜன்னல்கள் ஒன்பதையும் சாத்தியது தான்தான் என்று வானெஸ் சொன்னதும், அவன் மாமியார் கொடெலீவ படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"எதுக்கு மாப்ளே?"

"ராத்திரி பனி அத்தை. குளிர்காத்து பட்டா பொங்காதேன்னு..."

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்து பேக்கரியில் பதினோரு வருஷம் மாவு பிசைந்த கை. ஈரத்துணி போர்த்தி, கதவைச் சாத்தி, மாவைக் கைக்குழந்தையாகப் பார்த்துக்கொண்ட பழக்கம் லேசில் போகுமா? மாமியார் வீட்டு வடிசாலையிலோ பியருக்கு ஈஸ்ட் என்று யாரும் எதையும் போடுவதில்லை. கொதித்த தானியச் சாற்றை மாடத்துச் செம்புத் தொட்டியில் பரப்பி, ஜன்னலைத் திறந்துவைத்தால், காற்றோடு வரும் நுண்ணுயிர் விருந்தாளிகள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களைத்தான் வானெஸ் வெளியே நிறுத்தியிருந்தான்.

"நாலு தலைமுறையாத் திறந்திருந்த ஜன்னல்!" என்றாள் அவன் மனைவி லியோன்டின். சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு விக்கல் எடுத்தது.

கொட்டச் சொல்வாள் என்று பார்த்தால், கொடெலீவ அந்தச் சாற்றைப் பழைய பீப்பாய்களில் நிரப்பச் சொன்னாள். "இதுங்களுக்குள்ள எங்கப்பா காலத்துலேருந்து குடியிருக்கிறவங்க இருக்காங்க. முழிச்சுக்கிட்டா உங்க அதிர்ஷ்டம்."

நாலாம் நாள் நுரைத்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் காலையிலும் பீப்பாய்கள் கல்லாட்டம் கிடந்தன. பேக்கரியை விட்டுவிட்டு வந்து காய்ச்சிய முதல் பியர். இது கெட்டால் ஆயுளுக்கும் பாட்டில் கழுவும் வேலைதான் என்று வானெஸ் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். மரத்தில் காதை வைத்து மண்டியிட்டிருந்தவனை கொடெலீவ தோளில் தட்டி, மேலே உத்திரத்தைக் காட்டினாள். சாக்கட்டி எழுத்து.

1896: சீரீல் மாடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தான்.
1931: ஒனோரே சிலந்திகளை விரட்டினான்.
1974: அலோயிஸ் பீப்பாய்களுக்குச் சோப்புப் போட்டான்.

ஒழுங்காக நடந்த வருஷங்களைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மூவருமே சுத்தம் பண்ணுகிறேன் என்று பியரைக் கெடுத்த வீட்டு மாப்பிள்ளைகள். இந்தக் குடும்பத்தில் பெண்கள் வாரிசு, மாப்பிள்ளைகள் வரலாறு.

"அலோயிஸ் மாமாவா? சோப்பா?"

"லாவெண்டர் சோப்பு. ரெண்டு வருஷம் எங்க பியரைக் குடிச்சவங்கல்லாம் குளிச்சுட்டு வந்த மாதிரி மணந்தாங்க. அந்த மனுஷனோடதான் முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தினேன்." கொடெலீவ சாக்கட்டியை நீட்டினாள். "ஏறி எழுதுங்க."

"பொங்கவே இல்லையே அத்தை?"

"பொங்கினாலும் ருசி தெரிய மூணு வருஷம் ஆகும். அது வரைக்கும் உங்களை எங்கயும் விடறதா இல்ல."

பூட்ஸைக் கழற்றிவிட்டு முக்காலியில் ஏறினான். வருஷத்தைப் போட்டான். பெயரை எழுதினான். 'ஜன்ன' வரை வந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாவது பீப்பாயின் வாயிலிருந்து பழுப்பு நுரை எட்டிப்பார்த்து, தயங்கி, பிறகு தயக்கமே இல்லாமல் விலாவில் வழிந்து, அவன் கழற்றிவைத்த பூட்ஸுக்குள் சொட்டத் தொடங்கியது.