துலக்கிய சிறகு

கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த சஃபீருக்கு நிறங்கள் சரியாகத் தெரியாது. பச்சையும் சிவப்பும் அவர் கண்ணுக்கு ஒரே மாதிரி மங்கலான மண் நிறம். எந்தத் தட்டில் எந்த நிறம் என்று மனைவி ஷாஸியா அடுக்கி வைத்திருப்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்தார். யாராவது தட்டுகளைக் கலைத்துப் போட்டுவிட்டால், மெரூன் கேட்டவர் பழுப்போடு ஊர் திரும்புவார்.

இந்தக் கண்தான் அவரைத் தரையில் நிறுத்திவிட்டது. பத்தொன்பது வயதில், விமானப்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மதுரைக்குப் போயிருந்தார். ஓட்டத்திலும் மார்பளவிலும் தேறினார். கடைசியாக டாக்டர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். சஃபீருக்குப் புள்ளிகள் மட்டும்தான் தெரிந்தன. வத்தலக்குண்டிலிருந்து பஸ் மலை ஏறும்போது கீழே சமவெளி விரிந்துகொண்டே போனதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். இதைவிட உயரத்திலிருந்து இந்தப் பூமியைப் பார்க்கத் தனக்கு எழுதியிருக்கவில்லை என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகுதான் சிறகுகளைச் சேர்க்கத் தொடங்கினார். விமானம் ஓட்டத் தகுதி பெற்றவர்கள் சட்டை மார்பில் குத்திக்கொள்கிற சின்னம்தான் அது. வெள்ளியில் வார்த்ததும் உண்டு, துணியில் தைத்ததும் உண்டு. கோடை விடுமுறைக்கு வரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்பார். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். சிலர் அடுத்த வருஷம் ஞாபகமாகக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மனிதர்கள் நல்லவர்கள், கேட்டால் கொடுப்பார்கள் என்பது சஃபீரின் நம்பிக்கை. கடையின் பின்னறையில், கம்பளி ஒட்டிய பலகையில் அவற்றை வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். பகலில் வியாபாரம் ஓய்ந்த நேரங்களில் அங்கே போய் நின்றுகொள்வார்.

அவரிடம் இல்லாத ஒன்று உண்டு. அமெரிக்க விமானப்படையில் விண்வெளி வரை போய் வந்தவர்கள் அணிகிற சிறகு. மற்றச் சிறகுகளைப் போலத்தான் இருக்கும். ஆனால் நடுவிலுள்ள கேடயத்தின் மேல் ஒரு நட்சத்திரம் வால் நீட்டிப் பாய்ந்து போகும். படத்தில்தான் பார்த்திருந்தார். அதன் எடை எவ்வளவு இருக்கும், அந்த நட்சத்திரத்தின் முனை விரலில் குத்துமா என்றெல்லாம் ஸ்வெட்டர் மடிக்கும்போது யோசிப்பார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அதற்கு வழி பிறந்தது. பெங்களூரில் குடியிருந்த ஓய்வுபெற்ற விமானப்படை குரூப் கேப்டன் கந்தவேலும் சிறகு சேர்ப்பவர். இருவருக்கும் இன்டர்நெட் சென்டர் மூலமாகப் பழக்கம். கந்தவேலிடம் விண்வெளிச் சிறகு இரண்டு இருந்தன. சஃபீரிடம் இருந்த ஒரு பழைய சிறகின் மேல் அவருக்குக் கண். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தாவில் தங்கியிருந்த அமெரிக்க விமானிகளுக்காக அங்கேயிருந்த தட்டான் ஒருவர் வெள்ளியில் அடித்துச் செய்தது. ஒரு மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது, தையல் பெட்டிக்குள் ஊசிகளோடு கிடந்ததை சஃபீர் வாங்கியிருந்தார். இறகுக் கோடுகளில் அறுபது வருஷக் கருப்பு படிந்திருந்தது. சேர்ப்பவர்களுக்கு அந்தக் கருப்புதான் அதன் வயது. அதைத் தேய்க்கக் கூடாது, துடைக்கக்கூட யோசிக்க வேண்டும்.

கந்தவேல் அக்டோபரில் மலைக்கு வருவதாக எழுதினார். பொருள் யார் கையும் படாமல் அப்படியே இருந்தால் தன்னுடைய இரண்டில் ஒன்றைத் தருவதாகவும் எழுதியிருந்தார். அன்றைக்கு சஃபீர் ஸ்வெட்டர் வாங்க வந்த எல்லோருக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

கடையைப் பெருக்கித் துடைக்கிற வேலை லெட்சுமியுடையது. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாகத் தாய் தகப்பனோடு வந்தவள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கந்தவேல் வருவதற்கு முந்தின நாள் சஃபீர் அவளிடம் பலகையைக் காட்டி, நாளைக்குப் பெரிய ஆபீசர் ஒருத்தர் இதைப் பார்க்க வருகிறார், கடையைக் கொஞ்சம் பளிச்சென்று வையுங்கள் அக்கா என்றார். அவர் ஆசையாகப் பார்த்த அந்தப் பழைய சிறகை அவளும் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, லெட்சுமி வெள்ளனே வந்து கடையைத் திறந்துவிட்டிருந்தாள். சஃபீர் உள்ளே போனபோது தரை ஈரமாக இருந்தது. ஊதுபத்தி மணத்தது. அவள் இரண்டு கைகளாலும் ஏந்தி எதையோ நீட்டினாள்.

"பாருங்க பாய். மொகம் தெரியுது."

பழைய சிறகு புதுக் கொலுசு போல மின்னியது. ஒரு கோட்டிலும் கருப்பு இல்லை. புளி போட்டு ஊறவைத்தும் போகவில்லையாம். அதனால் பல்பொடி போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தாளாம். பல்பொடி அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. தோட்டத்தில் அவளுடைய அம்மா பங்களா வேலைக்காரி. பெரிய துரை பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே வெள்ளிச் சாமான் முழுவதையும் துலக்கிவிட வேண்டும். ஒரு கரண்டி கருத்திருந்தாலும் பங்களாத் துரைக்குத்தான் தலைகுனிவு.

"மத்ததையும் வெளக்கிருப்பேன். நேரம் பத்தல. இதுதான் ரொம்பக் கருத்துப் போய்க் கெடந்துச்சு. ஒங்களுக்குக் கொறச்சலா போயிறக் கூடாதுல்ல."

சஃபீர் அதை வாங்கிக்கொண்டார். வாய் வரை ஒரு சொல் வந்தது. அது வெளியே வந்தால் திரும்பாத சொல். புளியில் ஊறி வெளுத்துப்போயிருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தார். அந்தச் சொல்லை விழுங்கினார். சிறகைப் பழையபடி பலகையில் குத்தி வைத்து, இந்தா வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

ஏரியைப் பார்த்த கெஸ்ட் ஹவுஸில் கந்தவேல் தங்கியிருந்தார். போகிற வழியெல்லாம் சஃபீருக்குக் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பளிச்சென்று வையுங்கள் என்று சொன்னது அவர்தானே. அந்த நட்சத்திரம் இந்நேரம் இதே ஊரில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நடந்தார். ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் சவாரிக்குக் கூப்பிட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

கந்தவேல் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சஃபீர் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்தச் சிறகுக்காகத்தான் அவரும் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"சுத்தமாவே போயிருச்சா?"

"போயிருச்சு சார். மாத்திக்கிற பேச்ச விட்ருவோம். ஆனா நீங்க கடைக்கு வரணும். அந்தக்கா முன்னால அது கெட்டுப்போச்சுன்னு சொல்லாம இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

"எனக்குப் பொய் சொல்ல வராதே சஃபீர்."

"எனக்கும் வராது சார். பொய் வேணாம். பாத்துட்டுக் குடுத்துருங்க, போதும்."

கந்தவேல் எழுந்து அறைக்குள் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

லெட்சுமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டீ கொண்டு வந்து வைத்தாள். கந்தவேல் பின்னறையில் பலகை முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிரண்டைப் பற்றிக் கேட்கவும் செய்தார். கடைசியில் அந்தச் சிறகைக் கையில் எடுத்தார். லெட்சுமி வாசலோரம் நின்று அந்தப் பெரிய மனிதரின் முகத்தையே பார்த்தாள். அவர் அதைத் திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பேசவில்லை.

"கல்கத்தாவுல செஞ்ச தட்டான் கையிலேர்ந்து வந்த அன்னிக்கு இது இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். "அந்த விமானி மொதல்ல வாங்கிப் பாத்தது இதைத்தான். அதுக்கப்புறம் இதை யாரும் இப்படிப் பாத்ததில்ல. இன்னிக்கு நான் பாக்குறேன்."

பிறகு லெட்சுமியின் பக்கம் திரும்பி, "உங்க கைதானாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க தொர" என்றாள். ஐம்பது வயது கடந்தவள் சிறுபெண் போல வெட்கப்பட்டாள்.

சிறு கருணைகளை இறைவன் எங்கிருந்தெல்லாமோ அனுப்புகிறான். ஒரு வார்த்தையைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரமும் அதில் ஒன்று.

கந்தவேல் கோட்டுப் பையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்துத் திறந்து சஃபீரிடம் நீட்டினார். கொண்டு வந்ததற்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மாற்றிக்கொள்ள அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

சஃபீர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். நினைத்ததைவிடக் கனம் குறைவு. இறகுக் கோடுகளில் மெல்லிய கருப்பு. நட்சத்திரம் கேடயத்தைத் தாண்டி மேலே பாய்ந்திருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தார். முனை லேசாகக் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டார். நிறம் தெரியாத கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. விரலுக்கு எல்லாம் தெரிந்தது.

லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"இதுவும் கருத்துத்தாங்க கெடக்கு. குடுங்க, வெரசா வெளக்கித் தந்துர்றேன். பல்பொடி மிச்சம் இருக்கு."

இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். கந்தவேல் பெட்டியை வாங்கி மூடி உள்பையில் போட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. என் வீட்டுக்காரி வெளக்கிக்குவா" என்றார். பொய் சொல்ல வராது என்றவர்.

சஃபீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது கந்தவேலையும் தொற்றியது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே லெட்சுமியும் சிரித்தாள். டீ ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுக் கொண்டு வருகிறேன் என்று போனாள்.

கந்தவேல் புறப்படும்போது சஃபீரின் தோளில் கை வைத்தார். அவருடைய வண்டி வளைவில் மறையும் வரை சஃபீர் வாசலில் நின்றார். பெட்டி அவரோடு போய்விட்டது. இன்னொரு முறை அந்த நட்சத்திரம் இந்த மலைக்கு வருமா என்று யாரால் சொல்ல முடியும்?

அடுத்த தடவை அவர் வருவதை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடச் சொன்னாள் லெட்சுமி. எல்லாவற்றையும் விளக்கிவிடலாமாம். சஃபீர் அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"இனிமே அத நானே பாத்துக்கிறேங்க்கா. தெனமும் எடுத்துப் பாக்கணும்போல இருக்கு, எனக்கும் ஒரு சோலி வேணும்ல. நீங்க டீ மட்டும் போடுங்க."

அவள் சம்மதித்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சஃபீர் கடையை ஷாஸியாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளுச் செய்ய நீர்த்தொட்டி அருகே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். வலது உள்ளங்கையில் அந்தச் சிறகின் பாரம் இன்னும் இருந்தது. கட்டைவிரலில் நட்சத்திரம் குத்திய இடம் அவருக்கு மட்டும் தெரிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் முகம் கழுவிவிட்டு எழுந்து போனார்கள். அவர் கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு பிஸ்மி சொல்லி, அந்தக் கையைக் குளிர்ந்த நீருக்குள் விட்டார்.