ஏழு கிலோ

பல் டாக்டரின் பின்னறையில், பல் அச்செடுத்த மாவுத் தாடைகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே, எட்டு மாதமாக நான் நாயாய் அலைந்து தேடிய, பேஸ் கிடாருக்கான ஆம்ப் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரோடு சேர்த்து ஏழே கிலோ. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. வைத்திருப்பவர்கள் லேசில் விற்கமாட்டார்கள். டாக்டர் ஆசைக்கு வாங்கி, கிடார் வகுப்புக்கு இரண்டு நாள் போய், மூன்றாம் நாள் கும்பிடு போட்டவர். மதியம் ஆளில்லாத நேரத்தில் வந்து வாசித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்.

மனைவியும் கூட வந்திருந்தாள். தூக்கிக்கொண்டு போவதற்கு. என் பழைய ஆம்ப் முப்பத்திரண்டு கிலோ. அதைச் சுமந்துதான் கழுத்து எலும்பு விலகியது என்பது அவள் கட்சி. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். இருவரிடமும் நான் மறைத்தது ஒன்று உண்டு. இரண்டு மாதமாக இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகின்றன. சொன்னால் வாசிப்பை நிறுத்தச் சொல்வார்கள். வாசிக்காத என்னை எனக்கே பிடிக்காது. சுமை குறைந்தால் விரல் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். இசைக்குழுவில் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் டிரம்ஸ்காரன் போடும் போட்டில் நான் ஒரு சுரம் விடுவது யார் காதில் விழும்?

மனைவி காதிலும் விழுந்ததில்லை. கல்யாணமான புதிதில், இவ்வளவு சத்தத்தில் உங்களுடையது எது என்று கேட்டாள். நான் விளக்கிய லட்சணத்தில் அதோடு விட்டுவிட்டாள். அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை.

ஒயரைக் கிடாரில் செருகித் தந்தியை ஒரு தட்டுத் தட்டினேன். மாவுத் தாடைகள் கிடுகிடுவென்று பல்லைக் கடித்தன. டாக்டர் சிரித்தார். இத்தனை வருடத்தில் என் கிடாரை இவ்வளவு சுத்தமாக நான் கேட்டதே இல்லை. மேடையில் வழக்கமாக வாசிக்கும் பாட்டையே எடுத்தேன். சுண்டு விரலுக்கு வேலை வரும் இடம் வந்தது, போனது. பழைய ஆம்பாக இருந்தால் நான் விட்டதை உறுமி மூடியிருக்கும். இது அப்படியே காட்டிக்கொடுத்தது.

"இன்னொரு தரம் வாசிங்க," என்றாள்.

வாசித்தேன்.

"அந்த எடத்துல ஒண்ணு விட்டுப்போகுது."

பாட்டே அப்படித்தான் என்றேன்.

"மொத தடவ பாதி வந்துச்சுங்க. இப்ப வரவே இல்ல."

டாக்டர் கை கழுவப் போவதாகச் சொல்லி வெளியே நழுவினார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவசரமாக ஒயரைப் பிடுங்கப் போனேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடச் சொன்னாள். எதற்கு என்று கேட்டுக்கொண்டே மூடினேன்.

"எந்த விரலப் புடிச்சிருக்கேன், சொல்லுங்க."

ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால்தான் தைரியமாகச் சொன்னேன், சுண்டு விரல் என்று.



"நான் இன்னும் எந்த விரலையும் புடிக்கலங்க."

கண்ணைத் திறக்கவில்லை. மடியில் கிடந்த கிடாரின் தடித்த தந்தி என் மூச்சுக்கு லேசாக அதிர்ந்தது. ஆம்ப் அதையும் விடாமல் அறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.