மக்கு வைத்த ஸ்டாண்டு

கிக்கருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மோட்டார் சைக்கிள் மெக்கானிக் என்பதால் வந்தது பாதி. தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிவிடும் கோபத்தால் வந்தது மீதி. ஆனால் மூன்று வாரத்துக்கு முன் பட்டறையில் நடந்ததற்கு அவரால் யார்மேலும் கோபப்பட முடியவில்லை. குற்றவாளி அவரேதான்.

நடு ஸ்டாண்டு இல்லாத கனமான வண்டி ஒன்று செயின் மாற்ற வந்திருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு பட்டறையில் கிடையாது. “அதெல்லாம் தண்டச் செலவு” என்று இத்தனை வருஷமும் செங்கல் அடுக்கியே காலத்தை ஓட்டியவர் கிக்கர். அன்றும் அவர்தான் அடுக்கினார். பட்டறையில் கூடவே வேலை பார்க்கும் தங்கை புருஷன் அடியில் கையை விட்டுச் செயினைக் கோத்துக்கொண்டிருந்தபோது மேல் செங்கல் பிளந்தது. வண்டி சாய்ந்து, அதன் கால்மிதி அவன் வலது கைமேல் இறங்கியது. அலறல் கேட்டு எதிர்வரிசைக்காரர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கியபோது இரண்டு விரல்கள் தரையிலேயே தங்கிவிட்டன. கிக்கர் அவற்றைத் துணியில் பொறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒன்றும் பயனில்லை.

தங்கை அழவில்லை. “அண்ணே, இன்னொரு கை பாக்கி இருக்கு. அதுக்கும் ஏதாச்சும் ஆச்சுன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லன்னு நெனச்சுக்குவேன்” என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயசிலிருந்தே அப்படி.

ஆகவே ஸ்டாண்டு வாங்கக் கிக்கர் உதிரி பாகக் கடைக்குப் போனார். மாப்பிள்ளை வலது கையில் கட்டோடு பின்னாலேயே வந்தான். இடது கையால் ஸ்பேனர் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான், பாவம்; ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் சட்டை நனைந்துவிடும்.

கடையில் மூன்று ஸ்டாண்டுகள் இருந்தன. முதலாவதன் விலையைக் கேட்டதும் கிக்கர் அதைத் தொடாமலே நகர்ந்தார். இரண்டாவது பரவாயில்லை, ஆனாலும் பையைக் கடிக்கும். மூன்றாவது பாதி விலை. சிவப்புப் பெயிண்டு அடித்துப் பளபளவென்று இருந்தது. நம்ம ஆளின் கண் எங்கே போகும்? அங்கேதான் போனது. செங்கல்லை நம்பின புத்தி அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகுமா?

“கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்கண்ணே. யானையையே ஏத்தி நிறுத்தலாம்” என்றார் கடைக்காரர்.

“யானைக்கு யாரு செயின் மாத்துறா? என் மாப்ள கை உள்ள போகணும்” என்றார் கிக்கர். ஆனாலும் பர்ஸைத் தேடிக் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. அங்கே முதலில் அகப்பட்டது சாவி. ஏதோ தோன்றியது. கைப்பிடி சட்டத்தோடு சேருகிற மூலையைச் சாவியால் சுரண்டினார். பெயிண்டு உரிந்தது. உள்ளே இரும்பு இல்லை. பள்ளம் அடைக்கப் பெயிண்டர்கள் அப்புவார்களே, அந்த மக்கு, வெள்ளை வெளேரென்று உதிர்ந்தது. வெல்டிங் பேருக்கு இரண்டு பொட்டு.

“மக்கு!” என்று கத்தினார் கிக்கர்.

கடைக்காரர் முகம் கறுத்தது. “என்ன சொன்ன?”

“மக்குன்னு சொன்னேன். சுத்த மக்கு! மேல பெயிண்டு அடிச்சு உக்கார வச்சிருக்காங்க. லேசா சுரண்டுனா கொட்டிடும்!”

அங்கே நின்ற இரண்டு வாடிக்கையாளர்கள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. கடையை ஆரம்பித்த, கடைக்காரரின் அப்பா, சாகிற நாள்வரை, நாலு பேர் முன்னால் மகனைக் கூப்பிட்டதே அந்த வார்த்தையால்தான். அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம் அது. வேறு தெருக்காரரான கிக்கருக்கு எப்படித் தெரியும்?

முதல் அறை கிக்கரின் காதோடு விழுந்தது. அவர் வாங்கிக்கொண்டு நிற்கிற ஆளா? குத்தினார். கடைக்காரரின் உதடு கிழிந்து பல் ஒன்று ஆடியது. இருவரும் கட்டிப் புரண்டு கண்ணாடி அலமாரிமேல் விழ, அது நொறுங்கி, பல்புகளும் பிரேக் கட்டைகளும் தரையெல்லாம் சிதறின. கிக்கரின் முழங்கையில் கண்ணாடி ஏறியது. “என் கடையில வந்து என்னையே மக்குன்னு சொல்றியா? எங்கப்பன் செத்தாச்சுடா!” என்று அழுகையும் வெறியுமாகக் கத்திய கடைக்காரர், அந்தச் சிவப்பு ஸ்டாண்டை இரண்டு கையாலும் தூக்கிக் கிக்கர் தலைக்கு ஓங்கினார்.

மாப்பிள்ளை குறுக்கே பாய்ந்து கையை நீட்டினான். இடது கை.

மடார் என்று ஒரு சத்தம்.  மூன்று வாரமாகக் கிக்கர் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம் அது. போச்சு, அந்தக் கையும் போச்சு, தங்கச்சியும் போனாள். அதற்குமேல் அவர் மனுஷனாக இல்லை. கடைக்காரரைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கையில் கிடைத்த இரும்புக் குழாயால் ஒரு போடு போட்டார். தோள்பட்டை பிசகியது. அடுத்ததை மண்டைக்கு ஓங்கினார். குழாய் இறங்கவில்லை. யாரோ பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்திருந்தார்கள்.

“விடுங்க மச்சான். கொலையாயிடும்.”

“விடுடா மாப்ள! உன் கைய ஒடைச்சிட்டான்டா!”

“எந்தக் கையால பிடிச்சிருக்கேன்னு பாருங்க.”

கிக்கர் திரும்பிப் பார்த்தார். இடது கை. தோல் வழன்று ரத்தம் வழிந்தது. ஆனால் ஐந்து விரலும் குழாயைச் சுற்றி இறுகியிருந்தன. அந்தக் குழாய் ஸ்டாண்டின் கைப்பிடிதான். வெள்ளை மக்கு ஒட்டியிருந்த மூலையோடு சரியாகப் பிய்ந்திருந்தது. சட்டம் தனியாகப் பறந்து சுவரோரம் கிடந்தது.

“நல்ல ஸ்டாண்டா இருந்திருந்தா என் கை போயிருக்கும் மச்சான்” என்றான் மாப்பிள்ளை.

கிக்கர் கடைக்காரர்மேலிருந்து இறங்கி உட்கார்ந்து ஓவென்று அழுதார். தரையில் கிடந்த கடைக்காரர் பிய்ந்த மூலையை வெகுநேரம் பார்த்தார். “இந்த மக்கையா சொன்னே?” என்றார் ரத்தம் துப்பியபடி. “நானும் சுரண்டிப் பாக்காமத்தான்யா வாங்கி வச்சேன்.” இரண்டாவது ஸ்டாண்டைக் காட்டி, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கிக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் மூலையெல்லாம் சாவியால் சுரண்டினார். எங்கேயும் இரும்புதான் மின்னியது. அதன் முழு விலையையும் வைத்தார்.

வீட்டு வாசலில் தங்கை நின்றிருந்தாள். அண்ணன் சட்டை ரத்தத்தைப் பார்த்தாள். புருஷனின் இடது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி எண்ணினாள். சந்தேகம் தீராமல் மறுபடியும் எண்ணினாள். பிறகு திரும்பி அண்ணன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிற கிக்கர் அப்படியே வாங்கிக்கொண்டு நின்றார்.

“பாத்துக்கிட்டே நிக்கிறியே, அந்தப் பக்கம் பிடிண்ணே” என்றாள் அவள், ஸ்டாண்டின் ஒரு முனையைத் தூக்கியபடி.